நோட்டில் இல்லாத மூன்றாவது பழுது

முப்பத்திரண்டு வருடங்கள் நல்ல சாமானைக் கெடுப்பதற்காகச் சம்பளம் வாங்கினேன். இப்படிச் சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். "பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் லேப் இன்ஸ்ட்ரக்டரா இருந்தேன்னு சொல்லுங்களேன், வாய் வலிக்குதா?" என்பாள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த லேபில் நான் செய்த வேலை என்ன என்று யாராவது கேட்டால் முதல் வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே இருந்தது எங்கள் பாலிடெக்னிக். சுற்றிலும் தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் கூடங்களும் ஷூ கம்பெனிகளும். அங்கே ஓடும் மோட்டார்களைக் கிளப்பவும் நிறுத்தவும் இரும்புப் பெட்டிகள் உண்டு. பேனல் என்போம். அந்தப் பேனலுக்குள் ஒயர் போடவும், அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கவும் பையன்களுக்கும் பெண்களுக்கும் கற்றுக்கொடுப்பது எங்கள் துறை. கண்டுபிடிக்கப் பழுது வேண்டுமே. காலையில் நான் லேபைப் பூட்டிக்கொண்டு நல்ல பேனலைக் கெடுத்து வைப்பேன். மத்தியானம் அவர்கள் வந்து தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பேன்.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. திரையில் பேனலின் படம், அதில் மவுஸைத் தட்டினால் பழுது. இன்னொரு தட்டுத் தட்டினால் எல்லாப் பழுதும் போய்விடும். நான் ஓய்வு பெறப் போகிறேன் என்றதும் துறையில் இருக்கும் இளசுகள், "சார், நீங்க ஃபால்ட் வெக்கிற டெக்னிக்க எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போட்லாம்" என்றார்கள். வைத்த பழுதுகளை எழுதினால் மலர் போதாது. வைத்திருக்கக் கூடாத ஒன்றை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் வாடியது. பரவாயில்லை.

நான் காவேரிப்பாக்கத்துக்காரன். அப்பாவுக்கு ஏரிக்கரை ரோட்டில் சைக்கிள் கடை. டிப்ளமோ மூன்று வருடம் படித்தேன். முதல் வருடம் இரும்பை அராவினேன், இரண்டாம் வருடம் படம் போட்டேன், மூன்றாம் வருடம் ஹாஸ்டல் வார்டன் ரூம் காலிங்பெல்லை என் கட்டிலுக்கடியிலிருந்து அடிக்கும்படி ஒயர் இழுத்தேன். வார்டன் பத்து நாள் கதவைத் திறந்து திறந்து மூடினார், பிறகு பூசாரியைக் கூப்பிட்டார். படிப்பு அவ்வளவுதான். இந்தக் குணத்துக்கு எந்தக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள் என்று அப்பா கவலைப்பட்டார். அதற்கென்றே ஒரு வேலை இருந்தது என்பதை அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

எங்கள் துறைத் தலைவர் சாமுவேல் சார். ஒல்லி உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை. பேனலைத் திறந்தால் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக இன்னொரு கையில் இறங்கும், ஒரு கை பையில் இருந்தால் அதற்கு வழி கிடையாது என்பார். வீட்டில் சாப்பிடும்போதுகூட அவர் இடது கை பையில்தான் இருக்கும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள்.

டெஸ்டரை அவர் பயன்படுத்துவதைப் பார்க்க வேண்டும். முதலில் சுவரில் இருக்கும் பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு பேனலில் வைப்பார். பேனலில் எரியவில்லை என்றால் நாமாக இருந்தால் கரண்ட் இல்லை என்று கையை விட்டுவிடுவோம். அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் போய்ப் பிளக்கில் வைத்துப் பார்ப்பார். "நடுவுல டெஸ்டர் செத்துப்போச்சுன்னா ஒயர் செத்த மாதிரி தெரியும் தம்பி. யாரு செத்தாங்கன்னு தெரிஞ்சிக்கினு கைய வெக்கணும்" என்பார். வேலை மெனக்கெட்டு மூன்று தடவை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இதைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

அவர் யாரையும் திட்டியது கிடையாது. யாராவது தப்புச் செய்தால் பக்கத்தில் வந்து, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்பார். குடித்தேன் என்றாலும் விடமாட்டார், இன்னொரு டீ வரவழைப்பார். அது தீரும்வரை ஒன்றும் பேசமாட்டார். அந்த டீ தொண்டையில் இறங்குவதற்குள் நாமே எல்லாவற்றையும் கக்கிவிடுவோம். அவர் வாயிலிருந்து டீ என்ற சொல் வந்தாலே லேபில் இருக்கும் எல்லோரும் தங்கள் தங்கள் பாவங்களை எண்ணத் தொடங்குவார்கள்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஃபால்ட் நோட்டு. நீளமான கோடு போட்ட நோட்டு, எந்தப் பேனல், எந்த இடம், வைத்தவர், எடுத்தவர் என்று கட்டங்கள். நான் பழுது வைத்தால் வைத்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது கண்டுபிடிக்கப்பட்டு எடுக்கப்பட்டபின் எடுத்தவர் கட்டத்தில் இன்னொருவர் போட வேண்டும். வைத்தவனே எடுத்தவனாகவும் கையெழுத்துப் போடக் கூடாது. "எழுதி வெச்சாத்தான் அது பழுது, ஏகாம்பரம். எழுதாம வெச்சா அது சதி" என்பார். நான் பவ்யமாகத் தலையாட்டுவேன்.

என் கைவேலை பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கி விடுவது, ஸ்க்ரூவைத் தளர்த்துவது எல்லாம் கத்துக்குட்டி வேலை, கண்ணால் பார்த்தே பிடித்துவிடுவார்கள். நான் நெயில் பாலிஷ் போடுவேன். நிறமில்லாத நெயில் பாலிஷை ஃபியூஸின் இரண்டு முனையிலும் மெல்லத் தடவிக் காயவைத்தால் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், கரண்ட் மட்டும் போகாது. அந்தப் பாலிஷ் வாங்க ஆம்பூர் பஜாரில் வளையல் கடைக்குப் போனேன். கடைக்காரர், "எந்தக் கலர் சார், வீட்ல இன்னா கேட்டாங்க?" என்றார். கலரே இல்லாதது வேண்டும், எனக்குத்தான் என்றேன். கல்யாணம் ஆகாத ஆள் மாதம் ஒரு பாட்டில் வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்? எனக்கு வந்த இரண்டு வரன்கள் அந்தக் கடை வாசலோடு திரும்பிப் போயின என்று பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமைதோறும் சாமுவேல் சார் மாணவர்கள் முன்னால் நான் வைத்த பழுதைக் கண்டுபிடித்துக் காட்டுவார். நோட்டைப் பார்க்கமாட்டார். இடது கை பையில், வலது கையில் டெஸ்டர், வாயில் சர்ச்சில் பாடும் ஒரு ஞானப்பாட்டு. பாட்டின் இரண்டாம் சரணம் முடிவதற்குள் பழுது கையில் வந்துவிடும். பையன்கள் கை தட்டுவார்கள். நான் வாரம் முழுக்க யோசித்து வைத்த பழுது அது. ஒரே ஒரு தடவை, ஒரு பாட்டு முழுவதும் பாடி முடித்து அடுத்த பாட்டும் தொடங்கி அவர் திணற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆசைதான்.

எங்கள் லேபில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெரிய பேனல் இருந்தது. ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பு வைத்திருந்த ஒரு முதலாளி தானமாகக் கொடுத்தது, நிஜமான டிரம் மோட்டாரையே ஓட்டும். தோல் ஷாப்பில் டிரம் என்பது ஒரு சின்ன அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய். அதற்குள் தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். முடிந்தபின் ஓர் ஆள் உள்ளே இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் தோலை இழுத்து வெளியே போடுவார். அவர் உள்ளே இருக்கும்போது யாரும் டிரம்மைக் கிளப்பிவிடக் கூடாது அல்லவா. அதற்காக டிரம் வாசலிலேயே காளான் குடை போல ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். அமுக்கினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதைத் திருகி விடுவிக்கும்வரை பேனலில் பச்சைப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் மோட்டார் கிளம்பாது.

அந்தக் காளான் பட்டனிலிருந்து வரும் ஒயரை மாட்டப் பேனலுக்குள் இரண்டு ஸ்க்ரூ உண்டு. பட்டனை அமுக்கினால் அந்த இரண்டுக்கும் நடுவே கரண்ட் அறுந்துவிடும், மோட்டார் நிற்கும். லேபில் பட்டன் இல்லாததால் இரண்டு ஸ்க்ரூவையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருப்போம். அடுத்த திங்கள் சார் நிஜக் காளான் பட்டனை மாட்டிக் காட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை நான் தலைமுடி போன்ற ஒரு ஒயரை எடுத்து, அந்த இரண்டு ஸ்க்ரூவையும் பின்பக்கமாக இன்னொரு தடவை இணைத்து, மற்ற ஒயர்கள் போகும் பிளாஸ்டிக் பட்டிக்கு அடியில் புதைத்துவிட்டேன். இனி காளான் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடும். சார் அமுக்குவார், ஓடும். மறுபடி அமுக்குவார், ஓடும். நான் பக்கத்தில் போய், "சார், டீ குடிச்சீங்களா?" என்று கேட்பேன். இதை நினைத்து அன்றிரவு தனியாகச் சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

அதே பேனலில் மாணவர்களுக்காக வைத்த இரண்டு சாதாரணப் பழுதுகளை நோட்டில் ஒழுங்காக எழுதினேன். மூன்றாவதை எழுதவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டு ஊரில் தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டேன். திங்கள் காலை, டீ வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே லேபுக்குள் நுழைந்தேன். பேனல் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது.

"பேனல் எங்க சார்?"

"ஆம்பூர் தோல் ஷாப்புல அவங்க பேனல் எரிஞ்சிபோச்சாம்" என்றார் சாமுவேல் சார். "டிரம்முல தோலு இருக்குது, சுத்தலன்னா வீணாப்போய்டும்னு சனிக்கிழமையே மொதலாளி வேன் அனுப்பிட்டாரு. அவரு குடுத்த பேனல்தானே. ஒரு வாரம் வெச்சிக்கங்கன்னு அனுப்பிட்டேன்."

"ஃபால்ட்டு?"

"நோட்டைப் பாத்து ரெண்டையும் நானே எடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். ஓட்டிப் பாத்தேன், நிறுத்திப் பாத்தேன். நல்லா இருந்துது."

நல்லாத்தான் இருக்கும். பேனலில் இருக்கும் பச்சைப் பட்டனுக்கும் நிறுத்தும் பட்டனுக்கும் நான் ஒன்றும் செய்யவில்லையே. அங்கே ஓர் ஆள் காளான் பட்டனை அமுக்கிவிட்டு, அதை நம்பி டிரம்முக்குள் இறங்குவார். வெளியே யாராவது தெரியாமல் பச்சைப் பட்டனைத் தொட்டால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் போன் இருந்தது. முதல்வர் மேஜை மேல் இருந்தது. என்னை நிரந்தரமாக்கச் சொல்லி சாமுவேல் சார் எழுதிக் கொடுத்திருந்த கடிதமும் அதே மேஜையில்தான் இருந்தது. முதல்வர் எதிரில் நின்று, நான் இப்படி ஒரு வேலை செய்துவிட்டேன், ஆளை உள்ளே அனுப்பாதீர்கள் என்று போனில் கத்த வேண்டும். கத்தவில்லை. வயிற்றுவலி என்று சாரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போனில் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த முக்கால் மணி நேரத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பஸ்ஸில் எனக்கு நிஜமாகவே வயிற்றுவலி வந்துவிட்டது.

தோல் ஷாப்புக்குள் ஓடினேன். ஈரத் தரை, இரண்டு தடவை வழுக்கியது. டிரம் நின்றிருந்தது. அதன் கதவு திறந்து கிடந்தது. இரண்டு கம் பூட்ஸ் கால்கள் உள்ளே மறைவதைப் பார்த்தேன். பக்கத்துத் தூணருகே எங்கள் பேனல். அதன் பச்சைப் பட்டனுக்கு மேலே யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். பட்டனை ஒட்டி ஒருவர் சாய்ந்து நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டு, பேனலுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கவுஸ் பாய், அந்த ஷாப்பின் எலக்ட்ரீஷியன். ஐம்பது வயது, தாடி, காதில் பென்சில். என்னைக் கல்லூரியில் பார்த்திருக்கிறார்.

"இன்னா சார், பேனல யாருன்னா தூக்கிக்கினு போறாங்களா?" என்றார்.

"பாய், உள்ள ஆளு... காளான் பட்டன் வேல செய்யாது பாய்."

"தெரியுமே" என்றார், இன்னொரு மிடறு குடித்தபடி. "வந்த அன்னிக்கே அமுக்கிப் பாத்தேன். அது பாட்டுக்கு ஓடுது. தொறந்து தேடுனேன், எங்க இருக்குதுன்னு கெடைக்கல. எவனோ கில்லாடி வேல."

அந்த நிலைமையிலும் என் மனசின் ஒரு மூலை பெருமைப்பட்டது. மனுஷன் எவ்வளவு கேவலமானவன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"தெரிஞ்சுமா ஆள உள்ள அனுப்புனீங்க?"

கவுஸ் பாய் டிரம் பக்கம் பார்த்து, "பிச்சாண்டி, வெளிய வா" என்று கூப்பிட்டார். முழங்கைவரை நீலமேறிய ஓர் ஆள் டிரம் வாசலில் தலையை நீட்டி, குதித்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையை எடுத்துப் பாயிடம் கொடுத்தார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. மூன்றையும் பாய் எண்ணி வாங்கிக்கொண்டு சுவரில் இருந்த மெயின் பெட்டியில் மாட்டினார்.

"உள்ள போறவன் பீஸ் கட்டைய புடுங்கி அவன் பையிலியே வெச்சிக்கினு போவணும்" என்றார் பாய். "நான் வந்த நாள்லேர்ந்து இதான் இங்க வழக்கம். மொதலாளி வந்து நின்னாலும் அவன் வெளிய வந்து குடுக்கற வரைக்கும் ஓட்ட முடியாது. பட்டன நம்பி ஆள உள்ள அனுப்புவாங்களா? பட்டனுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதா?"

எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் புத்தி பழைய இடத்துக்கே போனது. இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சத்தமில்லாமல் அந்த ஒயரை எடுத்துவிட்டால் கல்லூரிக்கு நல்ல பெயர், எனக்கு நிரந்தர வேலை. "நான் பாக்கறேன் பாய்" என்று மெயினை அணைத்துவிட்டுப் பெரிய மனுஷன் மாதிரி பேனலைத் திறந்தேன். கட்டர் வாங்கி, பட்டிக்கு அடியில் விரலை விட்டு, சரியாக இரண்டு நொடியில் அந்த முடி ஒயரை உருவி எடுத்தேன்.

பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டு நாளா தேடுனேன் சார். நீங்க தேடவே இல்லியே, நேரா கைய விட்டீங்க."

ஒரு டெஸ்டர்கூட வைத்துப் பார்க்காமல் எடுத்துவிட்டேன். சாமுவேல் சாரின் மூன்று தடவைப் பரீட்சையைப் பார்த்துக் கொட்டாவி விட்டவனுக்கு ஒரு தடவை நடிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அப்புறம் எல்லாம் வந்தது. சார் திணற வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் சொன்னேன், டீ வசனத்தையும் சொன்னேன்.

பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிச்சாண்டிதான் பேசினார். அவர் குரலில் கோபம் இல்லை, சந்தேகம் கேட்கும் மாணவன் குரல்தான்.

"அப்போ இந்த வழக்கம் இல்லாத ஷாப்புக்கு இந்தப் பேனல் போயிருந்தா சார்?"

"தப்பு பண்ணிட்டேங்க" என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அங்கே மருந்து நெடிக்கு எல்லோருக்குமே கண் கலங்கும் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

"சாமுவேல் சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன் வாத்தியாரே" என்றார் பாய். "நீயே சொல்லிடு."

மாலையில் லேபுக்குத் திரும்பினேன். சார் தனியாக உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டையில் தோல் ஷாப்பு வாசனை, கையில் நீலக் கறை. வயிற்றுவலிக்கு ஆம்பூரில் வைத்தியம் நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

"டீ குடிச்சீங்களா, ஏகாம்பரம்?"

டீ வருவதற்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. ஃபால்ட் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்றாவது பழுதை எழுதி, வைத்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, என் வரிக்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதினார். "காளான் பட்டனை மாட்டிச் சோதிக்காமல் பேனலை வெளியே அனுப்பியது: சாமுவேல்."

"சார், நீங்க எதுக்கு?"

"நோட்டை நம்பிட்டேன். டெஸ்டரை மூணு தடவ பாக்கறவன், பேனலை ரெண்டு பட்டன் மட்டும் பாத்து வுட்டுட்டேன்." அவர் டீயை எடுத்தார். "எடுத்தவர் கட்டம் காலியா இருக்குது."

"நான்தான் சார் எடுத்தேன்."

"வெச்சவரே எடுத்தேன்னு போடக் கூடாதே. கூட இருந்து பாத்தவரு யாரு? அவருகிட்ட வாங்கிக்கினு வாங்க."

மறுநாள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி ஆம்பூர் பஸ். கவுஸ் பாய் நோட்டைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "போடறேன். ஒரு தபா உள்ள போய்ட்டு வா, அப்புறம்" என்று டிரம்மைக் காட்டினார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். பிச்சாண்டி தன் கம் பூட்ஸைக் கழற்றி என் முன்னால் வைத்தார். விளையாட்டு இல்லை.

பாய் மெயின் பெட்டியிலிருந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "நானே வெச்சிக்கவா? என்னை நம்ப மாட்டியா?"

பாய் நல்ல மனுஷன். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று முந்தின நாள் சொன்ன ஆள். இருந்தும் கையை நீட்டி மூன்றையும் வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

டிரம்முக்குள் இருட்டாக இருந்தது. காலடியில் தோல் வழுக்கியது. உட்சுவர் முழுக்கத் தோலைப் புரட்டுவதற்காக முழங்கை நீள மரமுளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. இது ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட டிப்ளமோ தேவையில்லை. வெளியே யாரோ ஒரு வாளியை வைத்த சத்தம் கேட்டது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், மூன்றும் இருந்தன. ஒரு நிமிடம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தேன். அப்புறம் மூன்றாவது தடவையும் எண்ணினேன். சாமுவேல் சார் ஏன் மூன்று தடவை பார்க்கிறார் என்று யாரும் எனக்கு அதற்குமேல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தபின் பாய் கையெழுத்துப் போட்டார், உருதுவில். பிச்சாண்டியும் பக்கத்தில் தன் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டி எழுதினார். எனக்கு நிரந்தர வேலை ஒரு வருடம் தள்ளிப்போனது. கடிதத்தைச் சாரே முதல்வர் மேஜையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு வருடம் கழித்து அதே கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். நியாயம்தான் என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

அந்த வருடத்திலிருந்து எங்கள் லேபில் ஒரு வழக்கம் வந்தது. பாடத்திட்டத்தில் கிடையாது, எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பேனலுக்குள் யார் கை வைத்தாலும் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுடிதாரில் பை இல்லாத பெண்கள் ஆரம்பத்தில் முறைத்தார்கள், பிறகு பை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். நான் பழுது வைப்பதை நிறுத்தவில்லை, நெயில் பாலிஷும் தொடர்ந்தது. ஆனால் நோட்டில் எழுதாமல் ஒன்றுகூட வைக்கவில்லை. கல்லூரிக்கு மதிப்பெண் போட வந்த குழு ஒன்று பழைய நோட்டைப் புரட்டி, உருதுக் கையெழுத்து யாருடையது என்று கேட்டது. "வெளியிலிருந்து வந்த நிபுணர்" என்றேன். திருப்தியோடு குறித்துக்கொண்டார்கள். பொய் சொல்லவில்லையே.

போன மாதம் எனக்குப் பிரிவு உபசார விழா. எங்கள் அரங்கம் பழையது, அங்கே இன்னமும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். மேடையில் முதல்வர், பொன்னாடையோடு சிறப்பு விருந்தினர், நடுவில் மாலையோடு நான். மேடை மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதால் சரிசெய்யச் சொல்லியிருந்தார்கள். நேரமாகிவிட்டது, முதல்வர் எழுந்து மைக்கைத் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார். மேடைக்கே கரண்ட் இல்லை. ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஃபியூஸ் கட்டையே இல்லை சார் என்றார்.

"ஃபியூஸ யார் எடுத்தது?" என்று முதல்வர் அரங்கத்தைப் பார்த்துக் கேட்டார். சிலர் என்னைப் பார்த்தார்கள். என் பெயர் அப்படி.

"எங்கிட்ட இருக்குது சார்" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் உயரமான ஏணியில் எங்கள் துறை ஷபானா நின்றிருந்தாள். மேல்விஷாரத்துப் பெண், எங்களிடமே படித்து எங்களிடமே இன்ஸ்ட்ரக்டரானவள். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், விசிறியின் மூடி திறந்திருந்தது.

"மேடம், சீஃப் கெஸ்ட் காத்துக்கினு இருக்காரு. குடுத்தனுப்புங்க, ஃபேனை அப்புறம் பாத்துக்கலாம்."

"மூடிய முடுக்கிட்டு எறங்கிடறேன் சார். எறங்கினப்புறம் நானே கொண்டாந்து மாட்டறேன்."

"ஒரு நிமிஷ வேலை மேடம், கீழ போட்டுடுங்க."

"போட மாட்டேன் சார்" என்றாள் ஷபானா, திரும்பிப் பார்க்காமல்.

முதல்வருக்கு முகம் சிவந்துவிட்டது. நீங்களாவது சொல்லக் கூடாதா என்பது போல என் பக்கம் திரும்பினார். நான் மாலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"சார், டீ குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.